ஹைட்ரோஸ்டாட்டிக்கா, கியரா? சிறு டிராக்டர் வாங்குமுன் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து, பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். டிராக்டரின் அளவு முடிவாகிவிட்டது. லோடர் (முன்னால் மாட்டும் வாளி), புல்வெட்டி, பனி அகற்றும் கருவி எல்லாவற்றையும் பேசி முடித்தாயிற்று. கடைசியாக விற்பனையாளர் ‘ஹைட்ரோஸ்டாட்டிக் வேண்டுமா, கியர் வேண்டுமா?’ என்று கேட்கும்போது முடிவெடுக்க முடியவில்லை. ஹைட்ரோஸ்டாட்டிக் என்பது கியர்ப் பற்களுக்குப் பதிலாக ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும் வகை. ஊரில் அப்பாவோ தாத்தாவோ கியர் டிராக்டர் ஓட்டியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பெடலை மிதித்தால் ஓடும் டிராக்டர் மீது நம்பிக்கை வருவதில்லை. டிராக்டரையே புதிதாகப் பார்ப்பவர்களுக்கோ கியர் வகை ஏன் இன்னும் விற்கப்படுகிறது என்பது புரிவதில்லை.

இந்தத் தேர்வு எல்லா அளவிலும் கிடைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய வகைகளான குபோட்டா பிஎக்ஸ் வரிசை, ஜான் டியர் 1025ஆர் போன்றவை ஹைட்ரோஸ்டாட்டிக்காக மட்டுமே வருகின்றன. அதற்கு அடுத்த நிலையில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன. குபோட்டா எல்2501 டிராக்டர் எட்டு முன்கியர், நான்கு பின்கியர் கொண்டதாகவும் விற்கப்பட்டது; மூன்று ரேஞ்சு (மெதுவிலிருந்து வேகம் வரையான வேக வரம்புகள்) கொண்ட ஹைட்ரோஸ்டாட்டிக்காகவும் விற்கப்பட்டது. இன்னும் பெரிய ஜான் டியர் 4044எம் போன்றவற்றில் ஹைட்ரோஸ்டாட்டிக்குக்கு மாற்றாக, கிளட்சை மிதிக்காமலே திசை மாற்றக்கூடிய பவர் ஷட்டில் கிடைக்கிறது. ஆகவே சாதாரண கியர் அல்லது ஷட்டில் கியர், பவர் ஷட்டில், ஹைட்ரோஸ்டாட்டிக் என்ற மூன்றையும்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

விலையிலிருந்து தொடங்குவது தவறான இடத்திலிருந்து தொடங்குவதாகும். முதல் அளவுகோல், ஒரு மணி நேர வேலையில் எத்தனை முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறீர்கள் என்பது. இரண்டாவது, பி.டி.ஓ. தண்டில் (இன்ஜினின் சுழற்சியை மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு) ஓடும் கருவி ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்க, டிராக்டரின் ஓட்டத்தை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்குமா என்பது. மூன்றாவது, மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நெடுநேரம் இழுக்கும் வேலை உங்கள் ஆண்டுக் கணக்கில் எவ்வளவு என்பது. நான்காவது, வண்டியை யார் யார் ஓட்டப்போகிறார்கள் என்பது; முழங்கால் வலியுள்ளவரும் புதிதாகக் கற்றுக்கொள்பவரும் ஓட்டுவார்களானால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கடைசியாக, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும், பழுதானால் பக்கத்தில் யார் பார்ப்பார்கள் என்பவை. இந்த ஐந்தில் முதல் மூன்றே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன.

## ஹைட்ரோஸ்டாட்டிக்கின் உள்ளே நடப்பது

இன்ஜினின் சுழற்சி நேராக ஒரு பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்பின் நடுவில் உருளை வடிவக் கட்டை ஒன்று இருக்கிறது. அதில் வட்டமாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஒரு பிஸ்டன், பெரும்பாலும் ஏழு அல்லது ஒன்பது பிஸ்டன்கள். கட்டை சுழலும்போது பிஸ்டன்களின் நுனிகள் ஸ்வாஷ் பிளேட் எனப்படும் சாய்தட்டின் மீது வழுக்கிக்கொண்டு சுற்றி வருகின்றன. தட்டு சாயாமல் நேராக நிற்கும்போது பிஸ்டன்கள் கட்டையோடு சேர்ந்து சுற்றுமே தவிர உள்ளே போவதுமில்லை, வெளியே வருவதுமில்லை. ஆயில் நகராது, டிராக்டரும் நகராது. அதுதான் நியூட்ரல். தட்டைச் சற்றுச் சாய்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்கள் கொஞ்சம் உள்ளே போய் வெளியே வந்து, ஒரு பக்கத்தில் ஆயிலை உறிஞ்சி மறு பக்கத்தில் தள்ளுகின்றன. சாய்வு கூடக் கூட ஒரு சுற்றுக்குத் தள்ளப்படும் ஆயிலின் அளவும் கூடுகிறது. தட்டை எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால் உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும் இடம் மாறிக்கொள்கின்றன. ஆயில் எதிர்த்திசையில் ஓடுகிறது. டிராக்டர் பின்னால் போகிறது. காலடியில் இருக்கும் பெடல் செய்வதெல்லாம் இந்தத் தட்டைச் சாய்ப்பது ஒன்றைத்தான்.

பம்பிலிருந்து புறப்படும் ஆயில், அதே அமைப்பில் செய்யப்பட்ட ஒரு மோட்டாருக்குப் போகிறது. சிறு டிராக்டர்களில் மோட்டாரின் தட்டு பெரும்பாலும் ஒரே சாய்வில் நிலையாக இருக்கும். ஆயில் அங்கே பிஸ்டன்களைத் தள்ளி மோட்டாரைச் சுழற்றிவிட்டு, தொட்டிக்குத் திரும்பாமல் நேரே பம்புக்கே வருகிறது. இந்த மூடிய சுற்றில் எப்போதும் கொஞ்சம் ஆயில் உலோகங்களுக்கு இடையிலான நூலிழை இடைவெளிகள் வழியே கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவுதான் உள்பாகங்களுக்கு உயவாகவும் குளிர்ச்சியாகவும் அமைகிறது. இழந்த ஆயிலை ஈடுசெய்வதற்கென்றே சார்ஜ் பம்ப் என்ற சிறு பம்ப் ஒன்று இடைவிடாமல் ஓடுகிறது. அழுத்தம் எல்லை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து சுற்றைக் காப்பாற்றுகிறது. மோட்டாருக்குப் பின்னால் இரண்டு அல்லது மூன்று ரேஞ்சு கொண்ட ஒரு சாதாரண கியர்ப் பெட்டி இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் அதை மாற்ற வேண்டும்.

கியரின் பற்கள் விசையை நேரடியாகக் கடத்துகின்றன. ஹைட்ரோஸ்டாட்டிக்கிலோ சுழற்சி ஆயில் அழுத்தமாக மாறி, அழுத்தம் மறுபடி சுழற்சியாக மாறுகிறது. இந்த இரண்டு மாற்றங்களிலும் கசிவாகவும் உராய்வாகவும் சக்தி கழிந்து வெப்பமாகப் போகிறது. நல்ல நிலையில் உள்ள கியர்த்தொகுதி ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். ஹைட்ரோஸ்டாட்டிக் சுற்று தனக்கு மிகவும் உகந்த வேகத்தில்கூட ஐந்தில் நான்கு பங்கை ஒட்டித்தான் நிற்கும். மிக மெதுவான ஓட்டத்திலும் மிகக் கடுமையான பளுவிலும் அதற்கும் கீழே இறங்கும். டிராக்டர் நின்றுகொண்டிருக்கும்போதுகூட இந்த இழப்பு முழுதாக மறைவதில்லை. எல்2501 டிராக்டரின் இன்ஜின் 24.8 குதிரைத்திறன் கொண்டது. கியர் வகையில் பி.டி.ஓ. தண்டுக்கு 20.5 கிடைக்கிறது, ஹைட்ரோஸ்டாட்டிக் வகையில் 19 கிடைக்கிறது. பி.டி.ஓ. தண்டு அந்த ஆயில் சுற்றின் வழியாக இயங்குவதில்லை. ஆனாலும் பம்பையும் சார்ஜ் பம்பையும் இன்ஜின் எந்நேரமும் சுழற்றியாக வேண்டியிருப்பதால் ஒன்றரைக் குதிரைத்திறன் போய்விடுகிறது.

இந்த இழப்புதான் பெரிய டிராக்டர்களில் ஹைட்ரோஸ்டாட்டிக் நிலைக்காமல் போனதற்குக் காரணம். 1967-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 656 டிராக்டரை ஹைட்ரோஸ்டாட்டிக்காக வெளியிட்டு, அதன் பிறகும் பல மாதிரிகளைக் கொண்டுவந்தது. நாள் முழுக்க உழும் விவசாயிக்கு எரிபொருளும் இழுவையும் பெரிதாகத் தெரிந்தன. 1995-இல் ஃபென்ட் நிறுவனம் வேரியோ டிராக்டரை அறிமுகப்படுத்தியபோது, சக்தியின் ஒரு பகுதியை மட்டும் ஆயில் வழியாகவும் மீதியைக் கியர் வழியாகவும் பிரித்து அனுப்பி இந்த இழப்பைக் குறைத்தது. சிறு டிராக்டர்களில் மட்டும் முழு ஹைட்ரோஸ்டாட்டிக் தழைத்தது. அங்கே வேலையின் தன்மையே வேறு.

## பெடலை அழுத்தினால் விசை கூடுவதில்லை

ஹைட்ரோஸ்டாட்டிக் வாங்கியவர்களிடமிருந்து வரும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு புள்ளியிலிருந்து பிறக்கின்றன. ‘மண்மேட்டில் லோடரைக் குத்தினால் வண்டி தள்ளமாட்டேன் என்கிறது, பெடலை முழுக்க மிதித்தும் இன்ஜின் திணறி நின்றுவிடுகிறது.’ கார் ஓட்டிப் பழகிய காலுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். காரின் ஆக்சிலரேட்டர் இன்ஜினுக்கு எரிபொருளைக் கூட்டுகிறது. ஹைட்ரோஸ்டாட்டிக் பெடல் சாய்தட்டைச் சாய்க்கிறது; அதாவது மேல் கியருக்குப் போகிறது. மேடேறும்போது மிதிவண்டியைக் கடினமான கியரில் மாட்டிக்கொண்டு மிதிப்பதைப் போன்ற நிலை அது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பம்ப் முழுச் சாய்வில் ஒரு சுற்றுக்கு 20 கன சென்டிமீட்டர் ஆயிலைத் தள்ளுகிறது என்றும், மோட்டாரும் அதே அளவுடையது என்றும், இன்ஜின் நிமிடத்துக்கு 2,600 சுற்றில் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாய்வில் நிமிடத்துக்கு 52 லிட்டர் ஆயில் ஓடும். பளுவினால் ஆயில் சுற்றின் அழுத்தம் 200 பாராக (பார் என்பது அழுத்த அலகு) உயர்ந்தால் மோட்டார் தண்டில் ஏறத்தாழ 64 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பிறக்கும். பம்பைச் சுழற்ற இன்ஜினும் அதே 64 நியூட்டன் மீட்டரைக் கொடுத்தாக வேண்டும். 25 குதிரைத்திறன் இன்ஜின் அந்தச் சுழல்வேகத்தில் கொடுக்கக்கூடியது சுமார் 68 மட்டுமே; கசிவையும் உராய்வையும் சேர்த்தால் அது ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. இப்போது பெடலைப் பாதி விடுங்கள். பம்ப் ஒரு சுற்றுக்கு 10 கன சென்டிமீட்டர்தான் தள்ளும், வேகம் பாதியாகும். அதே 200 பாரில் மோட்டாரின் முறுக்குவிசை மாறாமல் 64 ஆகவே இருக்கும், ஆனால் இன்ஜின் கொடுக்க வேண்டியது 32 ஆகக் குறைந்துவிடும். இன்ஜினிடம் இப்போது மீதம் இருக்கிறது. அந்த மீதத்தில் அழுத்தம் இன்னும் உயரலாம், சக்கரம் இன்னும் பலமாகத் தள்ளலாம்.

எனவே பளு கூடும்போது பெடலை விட வேண்டும், மிதிக்கக் கூடாது. மண் குவியலை நெருங்கும்போது கீழ் ரேஞ்சில், இன்ஜினை நல்ல சுற்றில் வைத்து, பெடலை மெல்லத் தொட்டால் அந்தச் சிறு வண்டி சக்கரம் வழுக்கும் அளவுக்குத் தள்ளும். இன்ஜின் சுற்று இறங்குகிறது என்றால் பெடல் அதிகம் என்று பொருள். சுற்று இறங்காமல் கீச்சென்ற இரைச்சலோடு வண்டி நின்றால் ரிலீஃப் வால்வு திறந்துவிட்டது, ரேஞ்சைக் கீழே இறக்க வேண்டும் என்று பொருள். இந்த இரண்டு ஓசைகளையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டவர் ஹைட்ரோஸ்டாட்டிக்கைப் பலவீனமானது என்று சொல்லமாட்டார். விற்பனையாளர்கள் ‘கார் மாதிரி ஓட்டலாம்’ என்று சொல்லி விற்பதை நிறுத்திக்கொண்டு இதைக் கற்றுக்கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

## கியர் வகைகள்

கியரிலும் எல்லாம் ஒன்றில்லை. அடிப்படை வகையில் முன்கியருக்கும் பின்கியருக்கும் மாற வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியர்க் கம்பியை மாற்ற வேண்டும். சிங்க்ரோ ஷட்டில் வகையில் திசைக்கென்று தனி நெம்புகோல் இருக்கும். கிளட்சை மிதித்து அதை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளினால் போதும், முன்னால் போகும் வேகமே பின்னாலும் கிடைக்கும். பவர் ஷட்டிலில் ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகளை ஹைட்ராலிக் அழுத்தம் இயக்குவதால் திசை மாற்றக் காலுக்கு வேலையே இல்லை. வாங்கும்போது ‘கியர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாமல், இந்த மூன்றில் எது என்பதைக் கேட்டறிவது அவசியம்.

பி.டி.ஓ. எப்படி இயங்குகிறது என்பதையும் கேளுங்கள். விலை குறைந்த சில கியர் டிராக்டர்களிலும் பழையவற்றிலும் கிளட்சை முழுக்க மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ. தண்டும் நின்றுவிடும். கனமான புல்வெட்டி சுழன்றுகொண்டிருக்கும்போது அதன் சுழல்வேகமே தண்டின் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளிய விபத்துகள் பழைய டிராக்டர்களில் நடந்திருக்கின்றன. அதைத் தடுக்க ஒருவழிக் கிளட்ச் ஒன்றைத் தண்டில் பொருத்துவார்கள்.

## ஹைட்ரோஸ்டாட்டிக் சிறக்கும் இடம்

லோடர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து டன் ஜல்லியை வாசலிலிருந்து பின்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வாளிக்கு 250 கிலோ என்றால் 40 நடை. ஒவ்வொரு நடையிலும் குவியலில் குத்துவது, பின்வாங்குவது, திரும்பி முன்னே போய்க் கொட்டுவது, மீண்டும் பின்வாங்குவது என்று குறைந்தது நான்கு முறை திசை மாறும். 160 திசை மாற்றங்கள். அடிப்படைக் கியர் வண்டியில் அது 160 முறை கிளட்சும் கம்பியும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பாதத்தின் அசைவு மட்டும். வலது கை லோடர் நெம்புகோலை விட்டு அகல வேண்டியதில்லை என்பதும் சேர்ந்து, இந்த வேலையில் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது.

அடுத்தது, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் மாறாமல் ஓட, வண்டியின் வேகம் மட்டும் மாற வேண்டிய வேலைகள். ஒன்டாரியோவிலோ மினசோட்டாவிலோ இருப்பவருக்குப் பனி ஊதும் கருவி தெரிந்திருக்கும். சாலையோரத்தில் பனிலாரி தள்ளிவிட்டுப் போன இறுகிய குவியலை எட்டும்போது வண்டியை நத்தை வேகத்துக்குக் குறைத்தாக வேண்டும், கருவியின் சுற்றோ குறையக் கூடாது. பெடலைச் சற்றே விட்டால் அது நடந்துவிடுகிறது. உயர்ந்த புல்லை வெட்டுவதும், மரங்களுக்கும் வேலிகளுக்கும் இடையே வளைந்து வெட்டுவதும் இதே வகைதான். குழி தோண்டும் கருவியைத் தூண் நட வேண்டிய இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாக நிறுத்துவதிலும், பாலெட் முள்களை மரப்பலகையின் அடியில் செருகுவதிலும் கியர் வண்டியில் கிளட்சைப் பாதி மிதித்துத் தேய்க்க வேண்டிவரும்; ஹைட்ரோஸ்டாட்டிக்குக்கு அது இயல்பான ஓட்டம்.

## கியர் சிறக்கும் இடம்

ஒரு திசையில், ஒரு வேகத்தில், நெடுநேரம் இழுக்கும் வேலை எல்லாமே கியருக்கு உரியது. கலப்பையால் உழுவது, வட்டுக் கலப்பை ஓட்டுவது, வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுப்பது, பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சாலையில் கொண்டுபோவது ஆகியவற்றில் கியர் தன் சக்தியை வீணாக்காமல் மண்ணில் இறக்குகிறது. வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிளட்சைத் தொடவே வேண்டியதில்லை என்பதால், கியர் மாற்றும் சிரமம் என்ற வாதமே அங்கே எழுவதில்லை. மாறாக, ஹைட்ரோஸ்டாட்டிக் பெடலை மணிக்கணக்கில் ஒரே நிலையில் பிடித்திருக்கும் கணுக்கால்தான் வலிக்கும். வேகத்தை நிலையாகப் பிடிக்கும் க்ரூஸ் வசதி உள்ள வண்டியானால் அந்தச் சிரமம் குறையும்.

25 குதிரைத்திறனை ஒட்டிய வண்டிகளில் இந்த இழப்பு கூடுதலாக உறைக்கும். அமெரிக்க மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 19 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டீசல் இன்ஜின்களுக்குத்தான் கடுமையான புகைத்துகள் வரம்பை விதிக்கின்றன. அந்த வரம்புக்குள் வர அவற்றில் பெரும்பாலானவை புகைவடிகட்டியோடு வருகின்றன. அந்த வடிகட்டியைத் தவிர்ப்பதற்காகவே பலர் இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் மாதிரியை விரும்புகிறார்கள். அப்படி இன்ஜினில் ஓர் எல்லையை ஏற்றுக்கொண்டபின், இருப்பதிலும் ஒரு பகுதியை ஆயில் சுற்றுக்குக் கொடுப்பது உழவு வேலையில் நன்றாகவே தெரியும். நான்கடி ரோட்டவேட்டரைத் தாங்கும் வண்டி ஐந்தடி ரோட்டவேட்டரில் மூச்சுவாங்கும் வித்தியாசம் இப்படித்தான் வருகிறது.

பவர் ஷட்டிலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாற்பது குதிரைத்திறனுக்கு மேல் போய், பாதி லோடரும் பாதி உழவுமாக இருப்பவர்களுக்கு அது நல்ல நடுவழி. அதன் விலை ஹைட்ரோஸ்டாட்டிக்கை நெருங்குகிறது. ஓடிக்கொண்டே வேகத்தை நுணுக்கமாகக் குறைக்கும் வசதியோ அதில் இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அடிப்படை / ஷட்டில் கியர் | பவர் ஷட்டில் | ஹைட்ரோஸ்டாட்டிக் |
|---|---|---|---|
| அடிக்கடி திசை மாற்றம் | சிரமம். ஷட்டிலில் பரவாயில்லை | எளிது | மிக எளிது |
| பி.டி.ஓ. மாறாமல் ஓட்ட வேகம் மாற்றுவது | கியரை மாற்றினால்தான் முடியும் | கியர்ப் படிகளில் மட்டும் | தடையின்றி |
| நெடுநேர இழுவை | சிறந்தது | சிறந்தது | குறைவு |
| எரிபொருள் | குறைவு | குறைவு | கூடுதல் |
| புதியவர் கற்பது | நாளாகும் | ஓரளவு எளிது | விரைவில் |
| தேய்ந்தால் பழுது | கிளட்ச் மாற்றம் | கிளட்ச் தொகுதி, வால்வுகள் | அரிது, ஆனால் பெருஞ்செலவு |
| வாங்கும் விலை | குறைவு | கூடுதல் | கூடுதல் |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

ஒரே மாதிரியில் ஹைட்ரோஸ்டாட்டிக்குக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் ஆயிரம் டாலரை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். எரிபொருள் வேறுபாட்டை நினைத்துக் கவலைப்படுபவர்கள் தங்கள் மணிக்கணக்கைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 100 மணி நேரம், மணிக்கு 4 லிட்டர் என்றால் மொத்தம் 400 லிட்டர். அதில் பத்து விழுக்காடு கூடினாலும் 40 லிட்டர்தான். வீட்டு நிலம் வைத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை. ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓட்டுபவருக்கு 240 லிட்டர் டீசலும், அதைவிட முக்கியமாக, மெதுவாக நகர்ந்த மணிநேரங்களும் சேர்ந்து செலவாகும்.

ஹைட்ரோஸ்டாட்டிக்கின் உண்மையான மறைசெலவு ஆயிலில் இருக்கிறது. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் ஆயில் சுற்று, பின்னச்சு, லோடரின் ஹைட்ராலிக் எல்லாமே ஒரே தொட்டியின் ஆயிலைப் பகிர்ந்துகொள்கின்றன. வண்டியின் அளவைப் பொறுத்து 15 முதல் 30 லிட்டர் வரை பிடிக்கும். மண் ஒட்டிய ஹைட்ராலிக் இணைப்பியைத் துடைக்காமல் செருகினால் அந்தத் துகள் சாய்தட்டு வரை பயணம் செய்யலாம். நூலிழை இடைவெளியில் இயங்கும் பாகங்களுக்குத் துகளைவிடப் பெரிய எதிரி இல்லை. புது வண்டியில் முதல் 50 மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றச் சொல்வதை, உள்ளே தேய்ந்து உதிர்ந்த உலோகத்தூள் அப்போதுதான் அதிகம் என்பதால், தள்ளிப்போடவே கூடாது. தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆயிலை விட்டு மலிவான ‘எல்லா டிராக்டருக்கும் பொருந்தும்’ ஆயிலை ஊற்றிச் சேமிக்கும் இருபது, முப்பது டாலர், ஹைட்ரோஸ்டாட்டிக் தொகுதியை மாற்ற நேர்ந்தால் ஆகும் ஆயிரக்கணக்கான டாலரின் முன்னால் ஒன்றுமில்லை. ஆயில் பால்போல் வெளுத்தால் நீர் கலந்துவிட்டது என்று அறிந்து உடனே மாற்ற வேண்டும். கடுங்குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். வண்டியைக் கிளப்பியதும் வேலையில் இறக்காமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிடுவது குளிர்நாட்டில் விட்டுவிடக் கூடாத பழக்கம்.

கியரின் மறைசெலவு கிளட்ச். லோடர் வேலையில் பாதிக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடிப்பவரிடம் கிளட்ச் தட்டு விரைவில் தேயும். தட்டின் விலை பெரிதல்ல. அதை எட்டுவதற்கு டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதால் கூலிதான் பெரிது. லோடர் பொருத்திய வண்டியானால் அதையும் கழற்றி மாட்ட வேண்டும். கியரையே உழவுக்கென்று வைத்திருப்பவரின் கிளட்சோ நீண்ட காலம் உழைக்கும். மறுவிற்பனையில் வட அமெரிக்கச் சிறு டிராக்டர் சந்தை ஹைட்ரோஸ்டாட்டிக் பக்கமே சாய்கிறது. விற்கும் நாளில் அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதி திரும்பி வரும்.

## சரிவுகளில்

இரு வகையிலும் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பெடலை விட்டால் வண்டியை ஆயில் சுற்றே பிடித்து நிறுத்துகிறது. சரிவில் இறங்குவதற்கு அது பெரிய நிம்மதி. ஆனால் சரிவின் நடுவில் ரேஞ்சை மாற்ற முயன்றால், நெம்புகோல் நியூட்ரலைக் கடக்கும் அந்த நொடியில் சக்கரத்துக்கும் ஆயில் சுற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்து வண்டி தானாக உருளும். கியர் வண்டியில் சரிவில் கிளட்சை மிதிப்பதும் அதே விளைவைத் தரும். மேட்டிலேயே கீழ் ரேஞ்சுக்கோ கீழ் கியருக்கோ மாறிக்கொண்டு இறங்குவதே இரண்டுக்கும் வழி. இன்ஜினை அணைத்தபின் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியை அதன் ஆயில் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பக் கூடாது. கசிவினால் அது மெல்ல நகரும். கை பிரேக் போடாமல் இறங்கவே கூடாது.

## ஊரில் வாங்குவதானால்

தமிழ்நாட்டில் உறவினருக்கு வாங்கித் தர நினைத்து இதே கேள்வியைக் கேட்பவர்களும் உண்டு. அங்கே கடைகளில் நிற்கும் சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் கியர்தான். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் வி.எஸ்.டி.யின் 18.5 குதிரைத்திறன் எம்டி 180டி போன்றவை திராட்சைத் தோட்டத்திலும் பருத்தி வரிசைகளுக்கு இடையிலும் ஓடுகின்றன. மகிந்திரா 2023-இல் அறிமுகப்படுத்திய ஓஜா வரிசை, அமெரிக்காவில் ஹைட்ரோஸ்டாட்டிக்காகவும் இந்தியாவில் ஷட்டில் கியராகவும் விற்கப்படுகிறது. இதில் காரணமில்லாமல் இல்லை. சேற்றுழவு, ரோட்டவேட்டர், ஒன்பது கொத்துக் கலப்பை, டிரெய்லர் என்று அங்கே நடப்பவை பெரும்பாலும் நெடுநேர இழுவை வேலைகள். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு டீசல்தான் முதல் செலவு. கிளட்சும் கியர்ப் பெட்டியும் பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்வார். ஊருக்கென்றால் தயங்காமல் கியரை வாங்குங்கள்.

## ஓட்டிப் பார்க்கும்போது

விற்பனையகத்தின் சிமென்ட் தரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது. அங்கே மண்ணோ ஜல்லியோ குவிந்திருந்தால், அதில் வாளியைக் குத்திப் பார்க்கக் கேளுங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக்கை முதலில் நடு ரேஞ்சிலும் பிறகு கீழ் ரேஞ்சிலும், பெடலை முழுக்க மிதித்தும் பாதி விட்டும் தள்ளச் சொல்லி, இன்ஜின் சுற்று எப்படி மாறுகிறது என்று காதால் கேளுங்கள். இரட்டைப் பெடலா, முன்நுனியும் குதிகாலும் மிதிக்கும் ஒற்றைப் பெடலா என்பதையும் உங்கள் காலால் உணருங்கள். நாள் முழுக்க ஓட்டும்போது அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். கியர் வண்டியில் பத்து முறை தொடர்ந்து முன்னும் பின்னும் மாற்றி, இடது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியானால் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, அதன்பின் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். குளிர்ந்தபோது பலமாக ஏறிய வண்டி சூடானபின் திணறினால், உள்ளே தேய்மானத்தால் கசிவு கூடியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். சூட்டில் ஆயில் இளகி அந்த இடைவெளிகள் வழியே எளிதாக ஒழுகிவிடுகிறது. விற்பவர் காலையிலேயே ஓட்டிக் காட்டிவிட்டு இன்ஜினை அணைத்துவிட விரும்பினால், பிற்பகல் வரை காத்திருந்தாவது சூடான ஆயிலோடு ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.